இரண்டு மணி நோட்டு

மார்ச் 3

மகள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஓர் அட்டவணை. பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. கிடங்கில் நாற்பது பேருக்கு ஷிப்ட் போடுகிறவள், வீட்டையும் விடவில்லை. பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம், நாளுக்கு மூன்று ஷிப்ட். இரவு மாப்பிள்ளை. காலை ஏழிலிருந்து இரண்டு வரை அவர் அம்மா. இரண்டிலிருந்து ஏழு வரை நான்.

"பெத்துக்கறது ஒரு நாள் வேலைப்பா. மிச்ச நாளுக்குத்தான் ஆள் வேணும்" என்றாள். இவள் அம்மா இருந்திருந்தால் இப்படிக் கட்டம் போட வேண்டியிருக்காது.

என் கட்டத்தில் எழுதியிருந்தது: 'குழந்தை இல்லை. நான்.' விளக்கம் கேட்டேன்.

"குழந்தையைப் பாக்க வரிசையில நிப்பாங்க. என்னை யாரு பாப்பா? சாப்பிட்டேனா, தூங்கினேனா, மூஞ்சி எப்படி இருக்கு... அது உங்க டிபார்ட்மெண்ட்."

இருபத்தாறு வருடம் வேதியியல் நடத்தியும் கிடைக்காத டிபார்ட்மெண்ட், விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு கிடைத்திருக்கிறது.

மார்ச் 4

ஒரு சிக்கல். தினமும் இரண்டு மணிக்கு அந்தச் சம்பந்தியம்மாளின் முகத்தில் விழிக்க வேண்டும். கல்யாணத்தன்று நான் வாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தபோது, "சார், மணி அடிச்சாச்சு" என்றாள். கூடமே சிரித்தது. மூன்று வருடமாக அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. என் ஜூனியரைத் துறைத் தலைவராக்கிய பிரின்சிபாலோடும் நான் பேசுவதில்லை. மறக்கிற ஆள் நான் இல்லை.

மார்ச் 9

மகளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. "நீங்க ரெண்டு பேரும் பேசவே வேணாம். இந்த நோட்டுல அத்தை எழுதி வெப்பாங்க. நீங்க படிச்சு ஒவ்வொரு வரிக்கும் டிக் போட்டாத்தான் அவங்க கிளம்பலாம்."

எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் என் கல்லூரியில் ஒருவனுக்கும் இந்த மூளை கிடையாது. சண்டையைத் தீர்க்கிறேன் என்று கிளம்பவில்லை. சண்டைக்கும் சேர்த்து அட்டவணை போட்டுவிட்டாள்.

ஏப்ரல் 5

பெண் குழந்தை. இருவரும் நலம்.

ஏப்ரல் 11

'8.10 பாதிதான் சாப்பிட்டாள். 9.30 முதல் 11 தூக்கம். 11.20 காரணம் தெரியாத அழுகை. பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்றும் பேசவில்லை.'

சம்பந்தியம்மாள் தையல் யூனிட்டில் சூப்பர்வைசராக இருந்தவளாம். என் எம்.எஸ்சி. பிள்ளைகளில் ஒருத்தர்கூட இவ்வளவு சுத்தமாக அப்சர்வேஷன் எழுதியதில்லை. ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் 'பேசவில்லை'? அந்த அம்மாளா?

ஏப்ரல் 16

'மாத்திரை டப்பா திறந்து கிடந்தது. சார் கவனிக்கவும்.' கவனிக்கவுமாம்!

ஏப்ரல் 17

இன்று நோட்டை நான் படிக்கவில்லை. நேற்றைய கோபம். வருடக் கடைசியில் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டுகளை அடுக்கி வைத்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவேனே, அதே போல ஏழு வரிக்கும் சரசரவென்று டிக். சம்பந்தியம்மா பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

மூன்றரைக்கு அவரிடமிருந்து போன். முதல் தடவை.

"சார், கால் எப்படி இருக்கு?"

"எந்தக் கால்?"

"அஞ்சாவது வரி, சார்."

புரட்டினேன். 'இடது கெண்டைக்கால் வலிக்கிறது என்கிறாள். மூன்று மணிக்குப் பார்க்கவும். வீங்கியிருந்தால் உடனே நர்ஸுக்கு போன்.'

ஓடினேன். வலது காலைவிட இடது கால் பருத்திருந்தது, தொட்டால் சூடு. "ஒரே பக்கமா படுத்தேன், அதுல பிடிச்சுக்கிச்சுன்னு நெனச்சேன்பா" என்றாள். நர்ஸின் எண் அட்டவணையிலேயே இருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரச் சொன்னார்.

காலில் ரத்தம் உறைந்திருக்கிறது. நெஞ்சுக்கு ஏறியிருந்தால்... டாக்டர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. "நல்ல வேளை, சீக்கிரம் கவனிச்சீங்க" என்றார். என்னைப் பார்த்து!

ஒரே ஒரு ஆளைப் பாத்துக்கன்னு குடுத்தா. அதைக்கூட பாக்கலையே நான். என்ன படிச்சு என்ன?

வராந்தாவில் சம்பந்தியம்மா குழந்தையை மடியில் வைத்திருந்தார். வேலையிலிருந்து ஓடிவந்த மாப்பிள்ளை, "யாரும்மா கண்டுபிடிச்சது?" என்றார்.

"நோட்டுல இருந்துச்சு. சார் பாத்தாரு."

சம்பந்தியம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

ஏப்ரல் 20

மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஊசி, மாத்திரை தொடர்கிறது. படிக்காமல் டிக் போட்டதை நானே சொன்னேன்.

"தெரியும்பா. ஏழு டிக்கும் ஒரே இழுப்பு. கிடங்குலயும் இப்படித்தான் போடுவானுங்க."

"அப்போ என்னை எடுத்துடு."

"எடுத்துட்டு? ஆளுக்கு எங்க போறது?"

பேனா வாங்கி விதியை மாற்றினாள். இனி டிக் கிடையாது. படித்ததை அத்தையிடம் நேருக்கு நேர் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும்.

படுத்த படுக்கையிலும் நிர்வாகம். நான் இவளுக்கு அப்பா என்பதில் முதல் தடவையாகக் கொஞ்சம் கர்வமும் நிறைய வெட்கமும்.

ஏப்ரல் 21

ஆறு வரியையும் ஒப்பித்தேன். சம்பந்தியம்மா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"நாலாவதை இன்னொரு தடவை சொல்லுங்க, சார்."

சொன்னேன்.

மே 18

இதில் எழுதிப் பல நாளாகிறது. எழுத இருந்ததெல்லாம், என் ஷிப்டுக்கு நானும் எழுத ஆரம்பித்த அந்த நோட்டிலேயே போய்விட்டது.

ஆறு வாரம் நேற்றோடு முடிந்தது. மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தாள். அட்டவணையை அவளே பிய்த்தாள். ஃப்ரிட்ஜ் கதவில் பசைத் தடம் நான்கு.

இன்றும் இரண்டு மணிக்குப் போய் நின்றேன். பழக்கம். சம்பந்தியம்மா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நோட்டு இல்லை, ஒப்பிக்க ஒன்றுமில்லை. "சரி, அப்போ நான் வரேன்" என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றினார்.

"உக்காருங்க, சார். இன்னும் மணி அடிக்கல."

உட்கார்ந்தேன்.