ஜீப்பில் கிடந்த கல்

ஐப்பசி, ஞாயிறு இரவு

அப்பாவின் பழைய ஜீப்பை ஒருவழியாகப் புதுப்பித்து முடித்தாயிற்று. முதல் ஓட்டமாக இன்று காலை அவரையே ஏற்றிக்கொண்டு கீழக்குயில்குடிக்குப் போனேன். அவருக்கு ஞாபகம் தப்பிப்போய் நாளாயிற்று. இந்த வண்டியில் ஏறினாலாவது ஏதாவது திரும்பும் என்று எனக்கு ஒரு நப்பாசை.

மலையடிவாரச் சரிவில் நிறுத்தியதும் இறங்கினார். பின்சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார்.

"கல்லு எங்க?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக் என்றைக்குமே பிடித்ததில்லை. எங்கே நிறுத்தினாலும் டயருக்கு அண்டக்கொடுக்க ஒரு கருங்கல் வண்டியிலேயே கிடக்கும். பிரேக்கைச் சரிசெய்த அன்றே அதைத் தூக்கி வீசியது நான்தான். பெரிய காரியம் செய்த நினைப்பு.

"இப்ப பிரேக் பிடிக்குதுப்பா. கல்லு வேணாம்."

அவர் காதிலேயே வாங்கவில்லை. செருப்புக் காலை டயருக்கு அண்டக்கொடுத்து நின்றுகொண்டார். வெயிலில் வேர்த்துச் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. கையைப் பிடித்து இழுத்தேன். உதறினார்.

"நீங்க போங்க தம்பி. உள்ள எம் மகன் தூங்குறான். காலை எடுத்தா வண்டி உருண்டுரும்."

அவருக்கு என்னைத் தவிர வேறு மகன் கிடையாது.

கடைசியில் ஒரு கல்லைத் தேடி எடுத்துவந்து டயருக்கு அடியில் வைத்தேன். அதன்பிறகுதான் காலை எடுத்தார். "சத்தம் போடாதீங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு மெல்லப் போய்ப் பின்சீட்டை எட்டிப் பார்த்தார்.

சீட்டில் யாரும் இல்லை. அப்போது அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியவில்லை.