சேகரின் சிரிப்பு

ஜூலை 14, ஞாயிறு

சேகர் மாரடைப்பில் போய்ப் பதினோரு நாளாகிறது. இன்று மத்தியானம் அவன் மனைவி வள்ளி வந்தாள். காரியத்துக்கு அடிக்கப்போகும் பேனருக்கு அவன் முகத்தை வரைந்து தர வேண்டுமாம்.

“போட்டோல எல்லாம் மொறைச்சிக்கினே கீறாருண்ணா. உங்ககூட சைக்கிள்ல போம்போதுதான் சிரிச்சிகினு இருப்பாரு. அந்த மாரி போட்டுக் குடுங்க.”

சரியென்று சொல்லித் தொலைத்தேன்.

என் படநோட்டு முழுக்க அவன்தான். ஆறு வருட ஞாயிறுகள், பருத்திப்பட்டு ஏரிக்கரை, குத்தம்பாக்கம் ரோடு. எல்லாவற்றிலும் முதுகு. அவன் முன்னால் மிதிப்பான், நான் பின்னால். திரும்பி வந்து, நாங்களே பார்லி ஊறவைத்துத் தயாரித்த பீரை என் மொட்டை மாடியில் குடிப்போம். அப்போதும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஏரியைத்தான் பார்ப்போம். “கசப்பு கரீட்டா கீதாடா மச்சான்?” என்பான். கிளாஸைப் பார்த்தே பதில் சொல்வேன்.

ஒன்பது தாள் கிழித்தாயிற்று. மூக்கு வருகிறது, சிரிப்பு வரவில்லை. அவன் சிரிப்பைக் கேட்டிருக்கிறேன். பார்த்ததில்லை.

அவன் கடைசியாக மூடிவைத்த பீர் புட்டி கட்டிலடியில் கிடக்கிறது. தொட மனமில்லை.

காலையில் வள்ளி வருவாள். பத்தாவது தாளில் முதுகைத்தான் போட்டு வைத்திருக்கிறேன்.