கடல்மேல் போட்ட பழி

ஜனவரி 9, வெள்ளி

ஹட் பேயில் ஃபுட்பால் போட்டி முடிந்து தங்கை தமிழரசி இன்று திரும்பினாள். கப்பல் ஜெட்டியில் காத்திருந்தேன். கம்பியைப் பிடித்தபடி கடைசியாக இறங்கினாள். வழியெல்லாம் வாந்தியாம். கூட வந்த பெண்களுக்கு ஒரே சிரிப்பு, தீவில் பிறந்து கடல் ஒத்துக்கொள்ளாத டிஃபெண்டர் இவள்தான் என்று. கோச் அன்பழகன் சார், கடல் கொஞ்சம் ரஃப், நாரியல் பானி, அதாவது இளநீர், கொடுத்தால் சரியாகிவிடும் என்றார். நானும் தலையாட்டினேன்.

வீட்டில் அரிசி களையும்போதுதான் உறைத்தது. கச்சால் தீவில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்கு வருஷா வருஷம் கப்பலில் போகிறோம். எல்லோரும் சுருண்டு கிடக்கும்போது டெக்கில் நின்று சமோசா தின்பவள் என் தங்கை. அவளுக்கா வாந்தி?

ஜனவரி 10, சனி

நான் வேலை பார்க்கும் கப்பல் டிக்கெட் கவுண்டரில் என் பக்கத்து இருக்கை ஈஸ்வரன் அண்ணனுடையது. நேற்று தமிழரசி வந்த அதே கப்பலில் அவர் மாமியார் வந்திருக்கிறார். கடல் எப்படி இருந்ததாம் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"ஏக்தம் ஷாந்த், அலையே இல்ல. கெழவி டீ சிந்தாம குடிச்சிருக்கு."

அப்படியானால் பொய் சொல்வது யார்? கோச்சா? பதினெட்டாம் தேதி தேர்வு மேட்ச். அதில் தேறுகிறவர்கள்தான் மெயின்லேண்டில் ஆடப் போவார்கள். அவருக்குத் தமிழரசி வேண்டும்.

ஜனவரி 12, திங்கள்

டெய்ரி ஃபார்ம் ஏரியா கடையில் கோல்கீப்பர் மீனாவைப் பிடித்தேன். மேட்சில் தமிழரசிக்கு அடி ஏதாவது பட்டதா என்று கேட்டதற்கு முதலில் ஒன்றுமில்லை என்றாள். நான் நகரவில்லை.

"தலையில எதுவும் படலக்கா. கார்னர் கிக்ல எதிர் டீம்காரி முழங்கை தாடையில இடிச்சுது. உடனே எந்திரிச்சிட்டா. அவ்ளோதான்."

அவ்வளவுதான், அவ்வளவுதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லிக்கொடுத்த மாதிரி.

ஜனவரி 13, செவ்வாய்

கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். மூளை அதிர்ந்து வாந்தி வர, தலையில் அடி படவே வேண்டியதில்லை. தாடை, நெம்புகோலின் நுனி மாதிரி, கழுத்தைவிட்டுத் தள்ளி நிற்கிறது. அங்கே பக்கவாட்டில் ஓர் இடி விழுந்தால் தலை சட்டென்று திரும்பிவிடும். எதிர்பாராத இடியென்றால் கழுத்து இறுகித் தாங்கவும் நேரமில்லை. மண்டையோடு திரும்பும், மிருதுவான மூளை பின்தங்கும். அந்த இழுபறியில் உள்ளே இருக்கும் மெல்லிய இழைகள் நீள்கின்றன, முறுகுகின்றன. வெளியே ஒரு வீக்கம்கூட இருக்காது. ஸ்கேனிலும் பெரும்பாலும் தெரியாதாம்.

பக்கெட் தண்ணீரில் ஒரு வேப்பிலையைப் போட்டு, பக்கெட்டைச் சட்டென்று திருப்பிப் பார்த்தேன். பக்கெட் திரும்பியது. இலை நின்ற இடத்திலேயே நின்றது. மூளை தண்ணீர் அல்ல, அவ்வளவு சுலபமாக வழுக்கிவிடாது. அதனால்தான் இழுபடுகிறது.

ஆறுவதற்குள் இன்னோர் இடி விழுந்தால்? அரிதுதான். ஆனால் மூளை வீங்கிச் செத்திருக்கிறார்கள். அவள் வயதுப் பிள்ளைகள்.

ஜனவரி 14, புதன்

அன்பழகன் சாரை மைதானத்தில் பார்த்தேன். சண்டை போடுகிற தயாரிப்போடு போனேன். அவர் என்னைவிடக் குழம்பிப்போனார்.

"அடி பட்டப்பவே நான் வெளிய உக்கார வெச்சேன்மா. வாந்தி வந்ததும் டாக்டர்கிட்ட போலாம்னேன். எனக்குக் கப்பல்ல எப்பவுமே இப்படித்தான் சார், வீட்ல கேளுங்கன்னா. நான் கேக்காம விட்டது தப்பு."

கடல் ரஃப் என்பதும் அவள் சொன்னதுதான், பாதி வழி தூங்கிவிட்ட சார் நம்பிவிட்டார். எங்கள் வீட்டில் அவள் சொன்னது வேறு: சார் நன்றாகப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றாராம். அவருக்கு எங்களைச் சாட்சி வைத்தாள், எங்களுக்கு அவரை. தீவில் வாந்தி என்றால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள் என்று தெரிந்திருக்கிறது கழுதைக்கு.

டாக்டர் சொல்லாமல் அவளை மேட்சில் இறக்க மாட்டேன் என்றார். நம்பலாமா? அவரிடம் வேறு நல்ல டிஃபெண்டர் இல்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். அறையில் திரையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தாள். அம்மா கூப்பிட்டும் வாசலுக்கு வரவில்லை. வெளிச்சம் கூசுகிறதா என்று கேட்டேன். தூக்கமாம். டாக்டரிடம் போவோமா என்றேன்.

"ஒனக்கு புஸ்தகத்துல படிக்கிறதெல்லாம் என் தலையில இருக்கணும். என் செலக்‌ஷன் போனா ஒனக்கு சந்தோஷம்தானே?"

எனக்கென்ன சந்தோஷம். போடீ. அடுத்த தேர்வு அடுத்த வருஷம்தான் என்று எனக்குத் தெரியாதா? அவள் ஆசை எனக்குத் தெரியாதா?

ஜனவரி 16, வெள்ளி

சாப்பாட்டோடு அவள் அறைக்குப் போனேன். தட்டை வைத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 18, ஞாயிறு

காலையில் தானே எழுந்து வந்தாள். மேட்ச் பார்க்க மட்டும் கூட்டிப்போ என்றாள். பார்க்க மட்டும் போகிறவளுக்கு எதற்கு அவ்வளவு பெரிய பை? மைதானத்தில் கோச்சை விட்டு நகரக் கூடாது, தேவைப்பட்டால் எல்லோர் முன்னாலும் கத்த வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

டாலிகஞ்ச் ஏரியாவைத் தாண்டினோம். ஸ்பீடு பிரேக்கரில் வண்டி ஏறி இறங்கியதும் என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

"மெதுவா போக்கா."

எப்போதும் வேகமாகப் போகச் சொல்லி என் முதுகில் குத்துகிறவள். நிறுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

"பையில பூட்ஸ் இருக்கு. மீனா ரூம்ல மாத்திக்கிட்டு, சாரைக் கெஞ்சி எறங்கிடலாம்னு நெனச்சேன். முடியாதுக்கா. ஒவ்வொரு குலுக்கலுக்கும் மண்டைக்குள்ள வலிக்குது. அன்னையிலேருந்தே."

பையை அவளிடமிருந்து வாங்கி முன்னால் வைத்தேன்.

"ஆஸ்பத்திரிக்கே போ," என்றாள்.

வண்டியைத் திருப்பினேன். அந்தச் சாலையில் ஸ்பீடு பிரேக்கர்கள் அதிகம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் நிறுத்தி, அவளை இறங்கச் சொல்லி, வண்டியைத் தள்ளித் தாண்டிவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர்கள் திட்டினார்கள்.