ஜிண்டபைன் ஏரியில் நீ சொன்னது

வென்ட்வேர்த்வில்,
24 நவம்பர் 1977

அன்பின் சிறிதரனுக்கு,

இங்கே விமலாவும் பிள்ளைகளும் நானும் சுகமாக இருக்கிறோம். நீயும் உன் வீட்டாரும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் விரும்புகிறேன். கோபம் கலக்காமல் எழுதக்கூடியது இவ்வளவுதான் என்பதால் அதை முதலிலேயே எழுதிவிட்டேன்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. சேகருக்கும் உன் தங்கை யோகாவுக்கும் சாதகம் பொருந்தவில்லை, அம்மா யாழ்ப்பாணத்தில் இரண்டு சாத்திரிமாரிடம் காட்டிவிட்டா, ஆகவே இந்தப் பேச்சை இத்தோடு விடுவோம் என்று எழுதியிருக்கிறாய். அது ஆறு வரி. அதன் கீழே அரைப் பக்கத்துக்கு மீன் கதை. உன் வெள்ளைக்கார நண்பர் ரெக்ஸ் என்னை விசாரித்தாராம். ஈஸ்டருக்கு மறுபடியும் ஏரிக்குப் போவோமா என்று கேட்கிறாய். விமலா வாசித்துவிட்டு, "இந்த மனிசனுக்கு விசரோ?" என்று மட்டும் கேட்டாள்.

நீயும் அந்தப் படகில்தான் இருந்தாய். ஆனாலும் அங்கே நடந்ததை உனக்கே எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது. அதைப் பார்த்திருந்தவன் ஈஸ்டருக்கு வா என்று கூப்பிடமாட்டான்.

நான் ஜிண்டபைனுக்கு மீன் பிடிக்க வரவில்லை. யோகா பரமட்டா வைத்தியசாலையில் தாதியாகச் சேர்ந்தபோது, "மச்சான், தங்கச்சியை உன்ர பொறுப்பில விடுறன்" என்று ரெலிபோனில் சொன்னவன் நீ. அவள் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் சாப்பிட்டாள். என் தம்பி சேகரும் எங்களோடுதான் இருக்கிறான். இரண்டு வருடத்தில் அவர்கள் ஒருவரையொருவர் விரும்பிவிட்டார்கள். நீ காவல் காத்த இலட்சணம் இதுதானா என்று என்னைக் கேட்டிருந்தால் தலையைக் குனிந்துகொண்டு இருந்திருப்பேன். அது நியாயமான கோபம். நீ அப்படிக் கேட்கவில்லை. அப்பா இல்லாத எங்கள் வீட்டில் மூத்தவன் என்ற முறையில் செப்டெம்பரில் நான் உன்னிடம் சேகருக்குப் பெண் கேட்டபோது நீ சிரித்தாய். "உதெல்லாம் ரெலிபோனில கதைக்கிற விசயமே? ரெக்ஸ் படகு வைச்சிருக்கிறார். நீ சிட்னியிலயிருந்து வா, நாங்கள் மெல்பேர்ணிலயிருந்து வாறம். ஆறுதலாக் கதைப்பம்" என்றாய். அந்தப் பதிலுக்காகத்தான் கூமா வழியாகத் தனியே காரோட்டி வந்தேன். புறப்படும்போது விமலா, "சம்பந்தம் பேச ஏரிக்குப் போற முதல் ஆள் நீங்கள்தான்" என்று பகிடி விட்டாள்.

சனிக்கிழமை விடியும்போது படகுத்துறையில் நின்றோம். ஒக்டோபர் கடைசியிலும் மலையில் பனி இருந்தது. ரெக்ஸ் என் கையைக் குலுக்கியதும் சொன்ன முதல் விசயம் இதுதான்: உங்கள் ஆட்கள் ஐந்நூறு வருடமாக மீன் பிடிக்கிறவர்களாமே, சிறி சொன்னான், இன்றைக்குப் படகை எந்தப் பக்கம் விடுவது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் உன்னைப் பார்த்தேன். நீ எஞ்சின் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

என் பாட்டனார் கடலுக்குப் போனவர். அதை நான் எவரிடமும் ஒளித்ததில்லை. ஆனால் என் அப்பா என்னையும் சேகரையும் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்க விட்டதில்லை. இவன்கள் என்ன படித்தாலும் கடற்கரையாங்கள்தானே என்று எவனும் சொல்ல இடம் வைக்கக்கூடாது என்பது வாத்தியாராக இருந்த அவருடைய பிடிவாதம். அதனால் எனக்கு இன்றுவரை நீந்தத் தெரியாது. இது உனக்குத் தெரியும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நீங்கள் எல்லோரும் மகாவலி ஆற்றில் குளிக்கும்போது நான் கல்லில் இருந்து உங்கள் மணிக்கூடுகளைக் காவல் காத்தேன். ஒருவன் அதை வைத்து என்னைச் சீண்டியபோது, "டேய், அவனை விடு" என்று தண்ணீரிலிருந்து ஏறி வந்தவன் நீ. தூண்டிலை நான் ஒருநாளும் கையில் எடுத்ததில்லை என்று உலகத்தில் ஒருவனுக்குத் தெரியுமென்றால் அது உனக்குத்தான்.

நான் படகின் விளிம்பைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தே ரெக்ஸுக்கு விளங்கிவிட்டது. தன் மிதவைச் சட்டையைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டார். சின்ன மீன் மாதிரிச் செய்த பொய் இரையைக் கட்டி, ஈயம் கலந்த நூலைப் பின்னால் நீள விட்டு, படகை ஒரு மனிதன் நடக்கிற வேகத்தில் ஓட்ட வேண்டும் என்றார். தூண்டில் தடியின் நுனி சீராக நடுங்கிக்கொண்டிருந்தால் இரை ஒழுங்காக நீந்துகிறது, நடுக்கம் நின்றால் பாசி சிக்கியிருக்கிறது, இழுத்துத் துப்புரவாக்கு என்று காட்டித் தந்தார். நேராக ஓடாதே, வளைந்து வளைந்து ஓடு, திருப்பத்தில்தான் மீன் கடிக்கும் என்றார். நீ ஒரு ட்ரவுட் பிடித்தாய். ரெக்ஸ் ஒன்று பிடித்தார். எனக்குப் பத்து மணிவரைக்கும் பாசிதான்.

பிறகு ஒரு முனையைச் சுற்றித் திரும்பும்போது என் தடி வளைந்தது. ரெக்ஸ் எஞ்சினை நிறுத்திவிட்டு, ஓட விடு, ஓட விடு என்று கத்தினார். மீன் இரண்டு தரம் தண்ணீருக்கு மேலே பாய்ந்தது. வலைக்குள் வந்தபோது அது ட்ரவுட் இல்லை, சால்மன். நாலு இறாத்தலுக்கு மேல் இருக்கும், இந்த ஏரியில் இது சும்மா கிடைக்காது என்று ரெக்ஸ் தொப்பியைக் கழற்றினார். எனக்கு முப்பத்தெட்டு வயது. நானும் கத்தினேன். கத்திக்கொண்டே உன் பக்கம்தான் திரும்பினேன், சிறி.

நீ என் தோளில் கை போட்டு, "பாத்தியே, இரத்தத்தில இருக்குது மச்சான்" என்றாய். அதை ரெக்ஸுக்கு ஆங்கிலத்திலும் சொன்னாய்.

அவர் சிரித்தார். அவரில் பிழையில்லை. அவருடைய தகப்பன் ஆட்டுக்கு மயிர் கத்தரித்தவர்; அதே வார்த்தையை யாராவது அவருக்குச் சொன்னால் சந்தோசப்பட்டிருப்பார். நீ சொன்னது அந்த அர்த்தத்தில் இல்லை என்பதை விளங்கிக்கொள்ளக்கூடிய ஒரே ஆள் அந்தப் படகில் நான்தான். நான் வாழ்க்கையில் முதல் தரமாக ஒன்றைச் செய்தேன். ஒரு நிமிசம்கூட அது என்னுடையதாக இருக்க நீ விடவில்லை. அதைத் தூக்கி என் பாட்டன் கையில் கொடுத்துவிட்டாய்.

கரையில் மீன் வெட்டும் மேசைக்கு வந்தோம். ரெக்ஸ் தன் மீனைத் தானே எடுத்தார். நீ உன் ட்ரவுட்டையும் கத்தியையும் என் கையில் தந்து, "நீயே வெட்டு மச்சான், உது எனக்குச் சரிவராது" என்று விறகு பொறுக்கப் போனாய். எங்கே கத்தியை வைப்பது என்று தெரியாமல் நான் நின்றேன். நீங்கள் முன்பு மீன் வெட்டியதில்லையா என்று ரெக்ஸ் கேட்டார். இல்லை, பிடித்ததும் இன்றைக்குத்தான் என்றேன். அவர் விறகுப் பக்கம் பார்த்தார். அப்படியென்றால் சிறி ஏன் அப்படிச் சொன்னான் என்று கேட்டார். அது எங்களுக்குள் ஒரு பழைய பகிடி என்று சொல்லி உன்னைக் காப்பாற்றினேன். இன்று எல்லாவற்றையும் விட எனக்கு ஆத்திரம் தருவது அதுதான்.

நீ அந்த மீனை நன்றாகச் சாப்பிட்டாய். மிளகாய்த்தூள் கொடுத்துவிட்டதற்கு விமலாவைப் புகழ்ந்தாய். அப்போதுதான் ரெக்ஸுக்கு அந்தக் கதையைச் சொன்னாய், பேராதனையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே சோற்றுக் கோப்பையில் சாப்பிட்டவர்கள் என்று. நீ என்னை அறிமுகப்படுத்திய ஒவ்வொரு வீட்டிலும் அதைச் சொல்லியிருக்கிறாய். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. உன் சொந்தத் தம்பியோடு ஒரே கோப்பையில் சாப்பிட்டதை நீ யாருக்காவது சொல்லியிருக்கிறாயா?

ரெக்ஸ் படுக்கப் போனபின் சம்பந்த விசயத்தை நானாகவே கேட்டேன். "எனக்கு ஒண்டுமில்லை மச்சான், அம்மாதான்…" என்று தொடங்கி, சாதகம் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று முடித்தாய். இப்போது எழுதிவிட்டாய்.

சிறி, சேகருக்குச் சாதகம் எழுதப்படவே இல்லை. அப்பாவுக்கு அதில் நம்பிக்கை கிடையாது. அவன் ஆசுப்பத்திரிக்குப் போகிற வழியில் வாடகைக் காரில் பிறந்தவன். நேரம் அம்மாவுக்கே தெரியாது. பிறந்த திகதியைக்கூட நீ என்னிடமோ அவனிடமோ கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அந்த இரண்டு பேரும் யாருடைய சாதகத்தைப் பார்த்தார்கள்? பொய் சொன்னதை விட, அந்தப் பொய்க்கு ஒரு சின்ன முயற்சிகூட எடுக்காமல் விட்டாயே, அதுதான் சுடுகிறது. எனக்கு இவ்வளவு போதும் என்று நினைத்துவிட்டாய்.

ஓகஸ்ட் கலவரத்தில் உன் மாமா குடும்பமும் என் ஒன்றுவிட்ட அண்ணர் குடும்பமும் கொழும்பிலிருந்து ஒரே கப்பலில், உடுத்த உடுப்போடு, காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார்கள். வீட்டைக் கொளுத்தியவன் இருவரிடமும் தமிழரில் நீ என்ன ஆள் என்று கேட்கவில்லை. அந்தச் செய்தியை எனக்கு அழுதுகொண்டே ரெலிபோனில் சொன்னவன் நீதான். நாங்கள் ஏரிக்குப் போனபோது அதற்கு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

யோகாவுக்கு இருபத்தாறு வயது. சட்டப்படி உன் சம்மதம் தேவையில்லை. டிசெம்பர் பதினேழு, சனிக்கிழமை பின்னேரம், எங்கள் வீட்டில் கலியாணப் பதிவு. அறிவித்தல் கொடுத்தாகிவிட்டது. ஆனால் நேற்று அவள் குசினியில் விமலாவிடம், "அண்ணை வந்து நிக்காட்டி நான் கையெழுத்து வைக்கமாட்டன் அக்கா" என்று சொல்லியிருக்கிறாள். சேகர் வெளியே நின்று அதைக் கேட்டான். இரண்டு பிள்ளைகளின் வாழ்க்கையும் உன் கால் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கிறது.

சாதகத்தையும் அம்மாவையும் விட்டுவிடு. காரணத்தை நீயே யோகாவுக்குச் சொல், தமிழில் சொல். உன்னால் அதைச் சொல்ல முடிந்தால், சேகரை நானே விலகச் சொல்வேன். சொல்ல வாய் வராவிட்டால், வந்து அவள் பக்கத்தில் நில்.

மெல்பேர்ண் இரவு ரயில் அந்தச் சனிக்கிழமை காலையில் சிட்னி சென்ட்ரல் ஸ்டேசனுக்கு வரும். நான் அங்கே நிற்பேன். நீ பதில் போட்டாலும் போடாவிட்டாலும் நிற்பேன். என் கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. வென்ட்வேர்த்வில் வந்து சேரும்வரை காரில் உன்னைத் திட்டுவதற்கு என்னிடம் நிறைய இருக்கிறது. அதைக் கேட்பதற்காவது வா.

உன் மனைவிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் நோய்நொடியில்லாமல், நம்மைவிட நல்லவர்களாக வளரட்டும்.

இன்னும் உன் நண்பன்,
தேவராஜா