தலையைவிடக் கை கூடிப்போன கூட்டம்

பாவா,

இன்றைக்குப் பஞ்சாயத்துக் கூட்டத்தில், தூறலில் நனைந்த கம்பளியோடு ஒருத்தர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உன்னுடையது போலவே அந்த ஈரக் கம்பளி வாசனை மூக்கில் ஏறியதும், "தள்ளி உட்கார், கூட்டத்துக்கு வந்தியா, ஆடு மேய்க்க வந்தியா?" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. திரும்பினால் நீ இல்லை. நீ கண்ணை மூடிய பிறகும் என் நாக்கு உன்னைத்தான் தேடுகிறது.

நான் எழுந்து பேசினால் எங்கள் தெருக்காரர்கள் மட்டும் தலையாட்டுவார்கள். நீ எழுந்தால் தெலுங்கில் தொடங்கி, கன்னடத்தில் வளைத்து, தமிழில் முடிப்பாய். மொத்தக் கூடமும் சிரிக்கும். இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பாவா என்று கூப்பிடும் மச்சான்மார், ஒரே மணலில் எழுதி விரல் தேய்த்தவர்கள், இரண்டாம் வகுப்போடு ஓடி வந்தவர்கள். உனக்கு மட்டும் அத்தனை பேச்சு எங்கிருந்து வந்தது? எனக்கு வயிறு எரியும்.

நாம் முட்டிக்கொண்ட அந்த வருஷம், பட்ஜெட்டில் இருந்த பணம் ஒரு வேலைக்குத்தான் போதும். எங்கள் தெருவுக்குக் கப்பி போட்டு ரோடு போடுங்கள் என்றேன் நான். மழை வந்தால் வண்டி அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கிவிடும். பிள்ளைத்தாய்ச்சியைக்கூடத் தூக்கிக்கொண்டுதான் ஜூஜுவாடி ரோட்டுக்குப் போக வேண்டும். ரோடு இல்லாமல் திரும்ப மாட்டேன் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். நீயோ, பிள்ளைகள் மாட்டுக் கொட்டகையில் படிக்கிறார்கள், பள்ளிக்கூடம் கட்டுங்கள் என்றாய்.

தீர்மானத்தை மூன்று பாஷையிலும் வாசிப்பது நம் பஞ்சாயத்து போர்டு வழக்கம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாதே. அன்றைக்கு வந்த புது கிளார்க்கு, ஒவ்வொரு வாசிப்புக்கும் கை தூக்கச் சொல்லி எல்லாவற்றையும் கூட்டிவிட்டார். என் ஆட்கள் தமிழுக்கு மட்டும் தூக்கினார்கள். உன் ஆட்களுக்கு மூன்றும் தெரியும், மூன்றுக்கும் தூக்கினார்கள்.

தலைவர் தாளைப் பார்த்துவிட்டு, "என்னய்யா, இங்க தலையைவிடக் கை அதிகமா இருக்குது?" என்றார்.

ஆளுக்கு ஒரு கை என்று மறுபடி எண்ணினால் சரிக்குச் சரி. தலைவர் எந்தப் பக்கம் சாய்வாரோ என்று அவர் வாயையே பார்த்தேன். அப்போது நீ எழுந்தாய்.

"மொதல்ல பாவா தெருவுக்கு ரோடு போடுங்க. பள்ளிக்கூடத்துக்குக் கல்லு வண்டி அதுலதானே வரணும்?"

கேட்டது நான், கைதட்டல் உனக்கு. ரோடு வந்தது. அடுத்த பட்ஜெட்டில் பள்ளிக்கூடமும் வந்தது, நான்கூட எதிர்க்க முடியாதபடி. கல் வண்டி ஓடிய நாளிலிருந்து எங்கள் தெருவைப் பள்ளிக்கூடத்து ரோடு என்றுதான் சொல்கிறார்கள். என் வீட்டுக்காரி களியைத் தட்டில் வைத்துக்கொண்டே, எங்க அண்ணன் மனசு யாருக்கு வரும் என்றாள். அன்றைக்கு அந்தக் களியைத் தட்டோடு தள்ளி வைத்துவிட்டேன்.

இன்றைக்குச் சாக்கடை கேட்டேன், தெருவிளக்கு கேட்டேன். வாசித்தவுடனே எல்லாம் நிறைவேறிவிட்டது. அவரே சொல்லிட்டாரே, அப்புறம் என்ன என்கிறார்கள். நடுவில் புகுந்து மடக்க ஒரு ஆளில்லை. ஜெயித்துவிட்டு வெளியே வந்து, யாரிடம் பீற்றிக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

உன்மேல் இருந்த பொறாமை குறையவில்லை பாவா, கூடித்தான் போயிருக்கிறது. மல்லுக்கட்ட உனக்குக் கடைசி வரைக்கும் நான் இருந்தேன். எனக்கு நீ இல்லை.