வெள்ளை மேசை

மார்ச் 3, செவ்வாய்
மூக்கில் ரத்தம் வரும் நாட்களை எல்லாம் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. எனக்கு எழுதத் தெரியாது, சொல்லத் தெரியும். நான் சொல்கிறேன், வீட்டுக்காரி எழுதுகிறாள்.
நாற்பத்தொரு வருஷமாக இஸ்திரிக்கடை. எந்தச் சட்டை எந்த வீட்டுடையது என்று சீட்டு இல்லாமல் சொல்வேன். முதல் ரத்தம் போன ஜூன் பன்னிரண்டு, வியாழன், கணக்கு வாத்தியாரின் வெள்ளைச் சட்டை, இடது காலருக்குக் கீழே. அன்றிலிருந்து வெள்ளைத் துணி மேசை இவளுக்கு. எனக்குக் கலர். தொழில் தெரிந்தவனுக்கு இது என்ன பிழைப்பு?

மார்ச் 5
காலை ஒரு தடவை. கால் மணி நேரம். பச்சைத் துண்டில் பிடித்தேன், கறை தெரியவில்லை.

மார்ச் 8, ஞாயிறு
குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டியது. கை தன்னால் துணியைத் தள்ளியது, தலை தன்னால் அண்ணாந்தது. துணிக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் வாந்தியெல்லாம் ரத்தம். ஆஸ்பத்திரியில் மூக்குக்குள் முழ நீளத்துக்குப் பஞ்சு மாதிரி எதையோ திணித்தார்கள்.
அண்ணாந்தால் ரத்தம் வயிற்றுக்குள் போகும், முன்னால் குனிந்து மூக்கின் மெத்தென்ற இடத்தைப் பிடிக்க வேண்டும், எத்தனை தடவை சொல்வது என்று டாக்டரம்மா திட்டினார். குனிந்தால் சட்டையில் விழுமே என்றேன்.
"சட்டையத் துவைச்சுக்கலாம்யா. உங்கள?"
இவள் மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

மார்ச் 10, செவ்வாய்
ஏற்கெனவே இரண்டு தடவை மூக்குக்குள் சூடு வைத்தாயிற்று, நிற்கவில்லை. சூடு பத்தவில்லையோ என்று கேட்டேன், என் தொழிலாயிற்றே. இது முன்பக்கம் இல்லை, ஆழத்தில் பின்னால் இருக்கிற ரத்தக் குழாய் என்றார் டாக்டரம்மா. இனி இரண்டு வழி. மயக்கம் கொடுத்து, மூக்கு வழியாகவே கேமரா விட்டு, அந்தக் குழாய்க்குக் கிளிப் போடலாம். வெளியே தழும்பு இருக்காது. இல்லையென்றால் தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு அடைக்கலாம். அதில் அபூர்வமாகப் பக்கவாதம் வரும், பார்வை போகும். எனக்கு முதல் வழிதான் சரி என்றார். அதற்கப்புறமும் சிலருக்குத் திரும்ப வரும் என்பதையும் மறைக்கவில்லை.
துணி காயப்போடுற கிளிப்பா என்று கேட்டேன்.
"அதுக்கு உங்க மூக்கு பத்தாதுங்கய்யா."
வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது. மயக்கத்திலிருந்து எழுந்திருக்காமல் போனால்? — இவளிடம் கேட்டுவிட்டேன்.
"கல்யாணம் ஆன நாள்ல இருந்து உங்கள எழுப்புறவ நானு. அன்னிக்கும் எழுப்புவேன். ஆபரேஷனுக்குக் கையெழுத்தப் போடுங்க."
கைநாட்டுதான் என்றேன்.

மார்ச் 18, புதன்
பத்திலிருந்து கீழே எண்ணச் சொன்னார்கள். ஏழு வரை ஞாபகம் இருக்கிறது. கண் திறந்தால் இவள் முகம். காப்பி கேட்டேன். இப்போது கிடையாது என்றாள்.

மார்ச் 22
குனியக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. மூக்குச் சிந்தக் கூடாது. உப்புத்தண்ணீர் பீய்ச்ச வேண்டும். கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இவள் போடும் இஸ்திரிக்குக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். தோள்பட்டையில் ஆரம்பிக்கிறாள், காலரில் அல்லவா ஆரம்பிக்க வேண்டும்?
"மூக்கோட விட்டுட்டாங்களே, வாய்க்கும் ஒரு கிளிப் போட்டிருக்கலாம்."
இதை அவளே சிரித்துக்கொண்டு எழுதுகிறாள்.

ஏப்ரல் 15, புதன்
ஒரு சொட்டு இல்லை. நாலு வாரமாக இல்லை. கேமரா விட்டுப் பார்த்து, போய் வேலையைப் பாருங்கள் என்றார் டாக்டரம்மா.

ஏப்ரல் 16, வியாழன்
விடிந்ததும் வெள்ளை மேசையில் போய் நின்றேன். ஓட்டல் மேனேஜரின் சட்டைகள் ஆறு. பெட்டியை அழுத்தி, காலரில் ஆரம்பித்து, ஒரு சுருக்கம் இல்லாமல் போட்டுக் கொடுத்தேன். அவர் பிரித்துப் பார்த்தார், தோள்பட்டையைத் தடவினார், தயங்கினார்.
"அம்மா போடலீங்களா?"
சும்மாதான் கேட்டேன் என்றார். போகும்போது, அடுத்த தடவை அம்மாவே போடட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு பேர் அதையே கேட்டார்கள்.
சிரிக்காமல் எழுதடி.
அப்புறம் சாயங்காலம் வரை என் மேசைமேல் குனிந்தே நின்றேன். நாற்பத்தாறு உருப்படி. எல்லாம் கலர்.