வலது மூலையில் நீங்கள் போட்ட முடிச்சு

அண்ணை,

உங்கள் மகள் நேற்று வலையைக் கொண்டுவந்து போட்டாள். நம் உதைபந்தாட்டக் கழகத்துப் பெடியள் மறுபடியும் விளையாடத் தொடங்குகிறார்களாம். நீங்கள் கண்மூடிய பிறகு பூட்டியே இருந்த உங்கள் கொட்டிலில் கிடந்ததைத் தேடி எடுத்தார்களாம். சாக்கை அவிழ்த்ததும் மண்ணெண்ணெயும் பழைய உப்பும் மணத்தது. அந்த வருடம் அப்படியே எழும்பி முன்னால் நின்றது.

மண்ணெண்ணெய்க்கு ஊரே வரிசையில் நின்ற வருடம். கழகத்துக்கு உடுப்பும் பந்தும் வாங்கித் தந்த கடைக்காரர் கைவிரித்துவிட்டார். வெளியூர் ஆட்டத்துக்கு வாடகைக்கு வான் பிடிக்க வழியில்லாமல் பெடியள் சைக்கிளில் போனார்கள். கோல் வலை கிழிந்து தும்பாய்ப் போக, நம் அப்பாவின் பழைய மீன்வலையை என்னைக் கேட்காமலே தூக்கிக்கொண்டு போனீர்கள். அதை நான் அன்றைக்கே மனதில் குறித்து வைத்தேன்.

அது போதாதென்று, கழகச் செயலாளர் என்று என் மகனையும் அணியிலிருந்து எடுத்தீர்கள்.

"பயிற்சிக்கு வராதவனை இறக்க ஏலாது தங்கச்சி. சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான்."

"அவன் என்ன படுத்தா கிடந்தவன்? எண்ணெய் வரிசையில நிண்டவன். உங்கட சட்டத்தை ஊத்தினா எங்கட மீன்பிடி போட் ஓடுமோ?"

நீங்கள் சிரித்தீர்கள். அதுதான் கூடச் சுட்டது.

கடைசி ஆட்டத்துக்கு முதல்நாள் அந்த வலையை என்னிடம் கொண்டுவந்தீர்கள். வென்றால் முதல் பிரிவில் நிற்கலாம், இல்லாவிட்டால் கீழே. கீழே போனால் எந்தக் கடையும் நம்மைத் திரும்பிப் பார்க்காது என்றீர்கள்.

"வலது பக்கம் மேல் மூலையில பெரிய ஓட்டை ஒண்டு. மறக்காமப் பொத்திவிடு."

ஓம் என்றேன். மற்ற ஓட்டையெல்லாம் பொத்தினேன். அதை மட்டும் விட்டேன். சனத்துக்கு முன்னால் ஆள் கொஞ்சம் தலைகுனியட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். பந்து தேடிப்பிடித்து அதற்குள்ளால் போகும் என்று யார் கண்டது?

நம்முடைய பெடியன் அடித்த பந்து கம்பத்துக்கு உள்ளால் புகுந்து, ஓட்டையால் வெளியேறி, பின்னால் நின்ற வேம்பில் போய் மோதியது. வெளியே போன பந்து என்று நடுவர் கையைக் காட்டினார். எல்லாரும் கத்தினார்கள், நானும் கத்தினேன். ஆட்டம் சமநிலையில் முடிந்தது. கழகம் கீழே போனது.

அன்று பின்னேரக் கூட்டத்தில் உங்களைத்தான் பிடித்துக்கொண்டார்கள். "ஒரு ஓட்டையைப் பாக்கத் தெரியாத செயலாளர்!" நீங்கள் எழும்பி, "வலையைப் பாக்காதது என்ர பிழை" என்று சொல்லி, கழகத்துப் பூட்டின் திறப்பை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தீர்கள். வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "சாப்பிட்டியே?" என்று மட்டும் கேட்டீர்கள்.

நேற்று உங்கள் மகளிடம் சொன்னேன். "பிள்ளை, அந்த ஓட்டை நான் வேணுமெண்டு விட்டது."

"தெரியும் மாமி. அப்பா சொன்னவர். அதைப்பற்றி உங்களிட்ட ஒருநாளும் கதைக்கப்படாதெண்டும் சொன்னவர்."

அவள் போன பிறகு வலையை முற்றத்தில் விரித்து அந்த மூலையைத் தேடினேன். பொத்திக் கிடக்கிறது. ஒருநாளும் கடலுக்குப் போகாத ஆளின் முடிச்சு. அதுவும் சப்பாத்து லேஸ் கயிற்றால்.

என் மகனை வெளியில் இருத்தியதை நான் இன்னும் மறக்கவில்லை. அது வேறு கதை. சனிக்கிழமை கழகக் கூட்டமாம். எனக்குச் சபையில் பேச வராது. ஆனாலும் வலையை நானே தூக்கிக்கொண்டு போய், அந்த ஓட்டையை விட்டது யார் என்று சொல்லப்போகிறேன்.

காலையிலிருந்து இத்துப்போன இடமெல்லாம் பொத்தினேன். உங்கள் மூலையில் மட்டும் ஊசி வைக்கவில்லை. இழுத்துப் பார்த்தேன். கோணல்தான். ஆனால் பந்து போகாது.